தானாகப் போன கால்

உங்களுக்கு ஓர் ஆசாமியை அறிமுகம் செய்து வைக்கிறேன். 'எதுவும் நம்ம கையில இல்ல' இனத்தைச் சேர்ந்தவர். பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தலையெழுத்து, கிரகம் என்றெல்லாம் சொன்னால் இவருக்குச் சிரிப்பு வரும். இவர் மூளை, நரம்பு, மரபணு கட்சி. நாம் ஒரு முடிவை எடுப்பதாக நினைப்பதற்கு முன்பே மூளை அதை எடுத்து முடித்துவிடுகிறது என்று எங்கோ அரைகுறையாகப் படித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தக் குற்றத்துக்கும் குற்றவாளி கிடையாது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, பாத்திரத்தின் அடி கரியாகி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகும், சோபாவில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி கேட்டார்.

"பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்னே. ஆனா கவனம் பேப்பருக்குப் போயிடுச்சு. கவனத்தை நானா அனுப்பி வச்சேன்?"

என்ன பதில் சொல்வீர்கள்? மாமனாரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க இவர் மறந்தால் அது ஞாபகத்தின் கோளாறு. இவருக்குக் காய்ச்சல் வந்தபோது மச்சினன் வராவிட்டால் அது மச்சினனின் திமிர். மச்சினனுக்கு மட்டும் எப்படியோ சொந்தமாக முடிவெடுக்கும் வசதி வாய்த்திருந்தது. இரவல் வாங்கிய ஏணியை எட்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்த அன்று இவருக்கும் அது வாய்த்தது. "நானா யோசிச்சு, நானே தூக்கிட்டுப் போய்க் கொடுத்தேன்" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டீரிங் பிடித்திருப்பவர் பதறினால் இவர் மிதிப்பார். வண்டி நின்றதும் பாதிப் பேர் தாங்களே நிறுத்திவிட்டதாக நினைத்து வியர்வையைத் துடைத்துக்கொள்வார்கள். இவர் புன்னகை செய்வார். "எல்லாருமே இப்படித்தாங்க. நாமதான் நிறுத்தினோம்னு நெனப்பு. நிறுத்துறது வேற யாரோ." அந்த வேறு யாரோ தான்தான் என்பதில் ஆசாமிக்கு ஒரு சின்னப் பெருமை.

இருபத்திரண்டு வருடம் மிதித்து மிதித்து இவருடைய வலது காலுக்கு ஒரு துடிப்பு வந்துவிட்டது. அரைப் பர்லாங் தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், கால் பிரேக்கைத் தேடும். இது ஊருக்கே தெரியும். மனைவிக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு நாள் அந்த மனைவியே ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போனார்; பக்கத்தில் பயிற்சியாளராக ஆசாமி. ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் வேலை அவருக்காகக் காத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உரிமத்தைக் காட்டினால் வேலை அவருக்கு, காட்டாவிட்டால் அடுத்தவருக்கு. பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியில் போன பிறகு அவர் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

"வளைவுல மட்டும் மிதிச்சுடாதீங்க."

"மிதிக்கிறதும் மிதிக்காததும் பாரு..."

"மிதிக்காதீங்க."

பின் இருக்கையில் தேர்வு அதிகாரி படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். மருந்துக் கடை வளைவில் ஒரு சைக்கிள் எட்டிப் பார்த்தது. மனைவி அதை எப்போதோ பார்த்து வேகத்தைக் குறைத்து அழகாகத் திரும்பிக்கொண்டிருந்தார். அப்போது வண்டி நட்டநடுச் சாலையில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் அலறின. அதிகாரியின் கண்ணாடி மடியில் விழுந்தது.

"பிரேக்கை மிதிச்சது யாரு?"

படிவத்தில் அதற்கு இரண்டே கட்டங்கள். பயில்பவர் மிதித்திருந்தால் தோல்வி. மறுபடி வர இரண்டு மாதம் ஆகும். பயிற்சியாளர் தேவையில்லாமல் மிதித்திருந்தால் இன்னொரு வாய்ப்பு, உடனே. ஆனால் பயிற்சியாளரின் பதிவேட்டில் ஒரு கறுப்புக் குறிப்பு ஏறும். இவருடைய பதிவேடு இருபத்திரண்டு வருடமாகச் சுத்தமாக இருந்தது.

"சார், யாருங்கிற கேள்வியே கொஞ்சம் சிக்கலானது. காலுக்கு ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்தை நான் உண்டாக்கல, தொழில் உண்டாக்கினது. தொழில்ல என்னைச் சேர்த்துவிட்டது எங்க பெரியப்பா."

"பெரியப்பா வண்டியில இருக்காரா?"

"இல்ல சார்."

"அப்ப இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தரைச் சொல்லுங்க."

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டீரிங்கில் இருந்தன, கண் சாலையில் இருந்தது. திட்டியிருந்தால் அதற்கு ஆசாமியிடம் பதில் தயாராக இருந்தது. மூளை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் முடிவு வந்து சேரட்டும் என்று காத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"நான்தான் மிதிச்சேன்" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அதிகாரி எழுதிக்கொண்டார். இரண்டாவது சுற்று கிளம்பியது. இந்த முறை ஆசாமி செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணம் போட்டு, வலது கணுக்காலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சீட் பெல்ட்டுக்குள் தவம் செய்கிற அந்த உருவத்தை அதிகாரி ஒருமுறை பார்த்தார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் விட்டுவிட்டார். மனைவி தேறிவிட்டார்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டு ஆசாமி சொல்லிக்கொண்டிருந்தார். "வேற ஆளா இருந்தா மழுப்பியிருப்பான்க்கா. உண்மையைச் சொல்லிடறதுன்னு நானே முடிவெடுத்தேன்."

மேஜையில் வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கால் தானாப் போச்சு, சரி. அப்புறம் அதை மடிச்சுப் புடிச்சுக்கிட்டு உக்காந்தது யாரு?"

ஆசாமி கொஞ்சம் யோசித்தார். "அது நான்தான்."

"இத்தனை வருஷமா அவரை எங்க வச்சிருந்தீங்க?"

ஆசாமி போனை வைத்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் நண்பரை அரை மணி நேரம் காக்க வைத்துவிட்டுப் போய் நின்றபோது என்ன சொன்னீர்கள்? 'கொஞ்சம் லேட்டாயிடுச்சு' என்றுதானே? யார் ஆக்கினது என்று அவர் கேட்கவில்லை. தங்கமான மனிதர். ஆனால் அவரும் நம் இனமாக இருக்கலாம். அடுத்த முறை காத்திருக்கப் போவது நீங்கள்.