மூக்கு ஒரு தகுதி ஆகாது

பேரன்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் எல்லோரும் நலம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நிம்மதியை இக்கடிதம் கெடுக்கப்போவதற்கு முன்கூட்டியே வருந்துகிறேன். பதற்றத்தில் சொல்ல வந்தது சிதறிவிடுமோ என்று பயமாக இருப்பதால், பொருளடக்கத்தை முதலில் தருகிறேன்.

1. தங்கள் மகளின் மூக்கு.
2. மூக்கு ஒரு தகுதி ஆகாது.
3. நான் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதமும் அதற்கு நேர்ந்த கதியும்.
4. தாங்கள் உடனே தலையிட வேண்டியதன் அவசியம்.

சம்பந்தம் பேசிய அன்று தாங்கள் என்னைத் தனியே அழைத்து, "பொண்ணு தங்கமான பொண்ணு. மூக்குதான் கொஞ்சம் அதிகம்" என்றீர்கள். நான் அதைத் தோற்றம் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டு, "மூக்கும் முழியுமா லட்சணமாத்தானே இருக்கா" என்றேன். தாங்கள் மேற்கொண்டு விளக்கவில்லை. விளக்கியிருக்கலாம். அவள் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கையில், "மாமா, பின்பக்க ஜன்னல்கிட்ட நின்னு பொடி போடறீங்களா?" என்று வெகு இயல்பாகக் கேட்டாள். முப்பது ஆண்டுகளாக என் மனைவிக்குத் தெரியாமல் காப்பாற்றி வந்த மூக்குப்பொடி அது. என் மனைவி மூக்கின்மேல் விரலை வைத்தாள். பிறகு அதே விரலை என்னை நோக்கி நீட்டினாள். அன்றோடு பொடி போயிற்று.

இனி இரண்டாவது. தங்கள் மகள் வேதியியலில் முதல் மாணவியாகத் தேறியவள். கல்லூரியில் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சோப்புத் தொழிற்சாலையில் சோப்பை முகர்ந்து பார்க்கும் வேலைக்குப் போனாள். அங்கிருந்து ஒரு குளிர்பதனக் கிடங்குக்குப் போய் மீனை முகர்ந்தாள். பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், குடிநீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் பிரிவில் சேர்ந்தாள். அச்சகத்தில் பிழைதிருத்துநராகவே ஆயுளைக் கழித்தவன் நான். ஒரு வரிக்கு அடுத்து எந்த வரி வரும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். சோப்பு, மீன், புகார் என்ற வரிசையைப் பார்த்தபோது நடுவில் சில பக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றன என்றே தோன்றியது. "மருமக என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால் "ஆராய்ச்சி" என்பேன். "என்ன ஆராய்ச்சி?" என்றால் இருமுவேன். ஒருநாள் துணிந்து அவளிடமே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, படிச்ச படிப்புக்கு இது ஏத்த வேலையா? மூக்கு ஒரு தகுதி ஆகாதும்மா."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கருவி இருக்கே மாமா, நாம எதைக் கேக்கறோமோ அதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். மூக்கு கேக்காததையும் சொல்லும். அத்தை மாதிரி."

"அங்க என்னடி என் பேரு அடிபடுது?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பேச்சு அத்துடன் நின்றது.

பிறகுதான் வினை தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து பெண்கள் வரிசையாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, குழாய்த் தண்ணீரில் ஏதோ வாசனை வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். வாரியத்தின் பரிசோதனையில் தண்ணீர் சுத்தம் என்று வந்தது. தலைமைப் பொறியாளர் 'வீண் புகார்' என்று முடித்துவிட்டார். தங்கள் மகள் முடிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருக்களுக்கே போய், ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் தண்ணீரை இளஞ்சூடாக்கி முகர்ந்து, எந்த வீட்டில் வாசனை கூடுகிறது, எந்த வீட்டில் குறைகிறது என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு தெருமுனையில் நின்று, யாரையும் கேட்காமல், "இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். ஊர் அல்லோலகல்லோலப்பட்டது.

தலைமைப் பொறியாளர் அவளை எல்லோர் முன்னிலையிலும் கூப்பிட்டு நிறுத்தினார். "போன் எடுக்கறதுதானேம்மா உன் வேலை? இதுல எதுக்கு மூக்கை நுழைக்கற?"

"மூக்கை நுழைக்கறதுதான் சார் என் வேலை."

அதற்குமேல் அவர் என்ன செய்வார்? எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் வேலை இல்லை என்று சொல்லி, வாரியக் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போனால் போகட்டும். ஊரையே கலவரப்படுத்தியவள் என்ற பெயர் அல்லவா நிற்கும்? நாளைக்கு எந்த ஆய்வுக்கூடம் இவளைப் படியேற்றும்? ஆகவே மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதினேன். அச்சகத்திலிருந்து விடைபெறும்போது கொடுத்த கனமான வெள்ளைத் தாளை, இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்ததை எடுத்து, 'என் அறியாமையால் நேர்ந்த பிழையைப் பொறுத்தருளுமாறு' என்று நிறுத்தி நிதானமாக, வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு எழுதினேன். வாரிய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி. ஒரு சந்திப்பிழை கிடையாது. தங்கள் மகள் வாங்கிப் பார்த்தாள். தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ரொம்ப நல்ல பேப்பர் மாமா. வாசனையே இல்ல. எல்லாத்தையும் நான் எடுத்துக்கட்டுமா?"

பணிந்துவிட்டாள் என்று நினைத்தேன். மகிழ்ந்து மிச்சத் தாளையும் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனாள். கண்ணாடிக் குடுவைகள் சூடு ஆறாமல் இருக்க வேண்டுமாம். துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு போனேன். நீள மேசை. சுற்றிலும் கோட்டு. நான் கதவோரமாக ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன். "மன்னிப்புக் கொண்டுவந்தியாம்மா?" என்றார் தலைமைப் பொறியாளர். "கொண்டுவந்திருக்கேன் சார்" என்று பையைத் திறந்தாள். சம்பந்தி, என் கடிதத்தை வரி வரியாக நறுக்கியிருந்தாள்! ஒரு துண்டுக்கு ஒரு வரி. ஓர் எழுத்துகூடச் சேதமில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொருவர் முன்னும் நான்கு துண்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் டீசல், ஒன்றில் நகப்பூச்சு அழிக்கும் திரவம், ஒன்றில் பெயிண்டில் கலக்கும் தின்னர் என்று ஒவ்வொரு சொட்டு விட்டாள். எதில் எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

"குடுவையில இருக்கறது அந்தத் தெருத் தண்ணி. மோந்து பாருங்க. அப்புறம் அதே வாசனை எந்தத் துண்டுல வருதுன்னு சொல்லுங்க. பக்கத்துல இருக்கறவரைப் பாத்து எழுதக் கூடாது."

கோட்டுப் போட்ட பெரியவர்கள் பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப்போலக் குனிந்து முகர்ந்தார்கள். மடியில் மிச்சமிருந்த குடுவையை நானும் முகர்ந்தேன். பொடி போட்ட காலமாயிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. தெரிந்தது. எல்லோரும் ஒரே துண்டைத்தான் எடுத்தார்கள்: தின்னர். தலைமைப் பொறியாளரும் இரண்டு முறை முகர்ந்துவிட்டு அதையே எடுத்து, "இதுதான். சந்தேகமே இல்ல" என்றார்.

"அந்தப் பக்கம் ஏதோ எழுதியிருக்கு பாருங்க சார்."

பழக்கதோஷத்தில் அவர் திருப்பி உரக்கப் படித்துவிட்டார்: "என் அறியாமையால் நேர்ந்த பிழையை..."

மேசை அதிரச் சிரித்தார்கள். அந்த வரி அவர் கையில் சிக்கியது தற்செயல் என்றே நான் நம்ப விரும்புகிறேன். சிரித்து முடிந்ததும் தங்கள் மகள், "பரிசோதனை தப்பு இல்ல சார். தின்னர் இருக்கான்னு அதுகிட்ட யாரும் கேக்கல. அந்த வீட்டு அம்மாக்கள் கேக்காமலே சொன்னாங்க" என்றாள்.

அன்றே குழாயை அடைத்தார்கள். அவள் காட்டிய தெருமுனையைத் தோண்டினால், பெயிண்ட் கிடங்கு ஒன்றின் நிலத்தடித் தொட்டி கசிந்து, குழாய் இணைப்பின் ரப்பர் வளையம் மென்று துப்பியதுபோல் இளகிக் கிடந்தது. தலைமைப் பொறியாளர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து அவளிடம், "இங்க வாங்கம்மா, நீங்களே பாருங்க" என்றார். நேற்றுவரை 'வாம்மா'. என் தொழில் வாழ்க்கையில் ஒரு 'ங்க' இவ்வளவு அழகாக உள்ளே நுழைந்து நான் பார்த்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் இக்கடிதமே தேவையில்லை. வாரியத்தில் முகர்வுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கப்போகிறார்கள். வெளியிலிருந்து பெரிய பட்டக்காரர் ஒருவரைத் தலைவராக்கி, இவளை உதவியாளராகப் போடலாம் என்றார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"மூக்கு என்னோடது, நாற்காலி அவரோடதா? சோப்பு, மீன், புகார் மூணும் சேர்ந்துதான் சார் அந்தக் குழியைக் கண்டுபிடிச்சது. அதுக்குப் பட்டம் தர்ற காலேஜ் இருந்தா சொல்லுங்க, நாளைக்கே சேர்ந்துடறேன்."

தலைவர் பதவி இவளுக்கே என்று உத்தரவு வந்துவிட்டது. ஆட்களையும் இவளே பொறுக்கிவிட்டாள்: சோப்புத் தொழிற்சாலைத் தோழி ஒருத்தி, மீன் கிடங்கில் இவளுக்கு வேலை பழக்கிய அம்மாள், முதன்முதலில் புகார் சொன்ன இல்லத்தரசிகள் இருவர். என் மனைவியும் ஆசையாகக் கேட்டாள். "முப்பது வருஷம் பொடி வாசனை தெரியாத மூக்கு வேண்டாம் அத்தை" என்று தள்ளிவிட்டாள். இனி இந்தப் பெண்கள் முகர்ந்து தலையசைத்தால்தான் ஊருக்குத் தண்ணீர். சென்ட் பூசிக்கொண்டு வந்தால் தலைமைப் பொறியாளருக்கும் உள்ளே அனுமதி இல்லையாம். அவர் நிறுத்திவிட்டாராம்.

நான்காவதற்கு வந்துவிட்டேன். நேற்று உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்று கேட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது. ஊர் முழுவதும் குடிக்கும் தண்ணீருக்கு ஒருத்தி பொறுப்பேற்பதா? ஒருநாள் சளி பிடித்தால் என்ன ஆகும்? ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, இந்தப் பதவி வேண்டாம் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நான்காவதை மட்டும் அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: எழுதியதை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது என் தொழில் பழக்கம். படித்தபோது என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, அவ நேத்தே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. ஏத்துக்கலாமான்னா உங்களைக் கேட்டா? கதவுல என்ன பேரு எழுதலாம்னு கேட்டா. நீங்க வேர்த்து வழிஞ்சதைப் பாத்துட்டு, பாவம்னு விட்டுட்டா" என்றாள். நான் நேரே போய் யோசனை சொன்னேன். 'நாற்றப் பிரிவு' என்று வைக்கலாம், பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்றேன். "கதவைப் பாக்கறவங்க எல்லாரும் பழந்தமிழ் படிச்சிருப்பாங்களா மாமா?" என்றாள். 'மணப் பிரிவு' என்றால் கல்யாணம் பதிவு செய்ய ஜோடி ஜோடியாக வந்து நிற்பார்கள். கடைசியில் 'மூக்குப் பிரிவு' என்று முடிவாயிற்று. பலகையில் வரும் எழுத்துகளைச் சரிபார்ப்பவன் நான்தான். தாங்கள் புறப்பட்டு வருவதில் மாற்றமில்லை. கதவைப் பார்க்க வாருங்கள்.

கடிதத்தை மாற்றி எழுத நல்ல தாள் இல்லை. எல்லாம் நறுக்கியாகிவிட்டது. ஆகவே ஒரே ஒரு பிழைதிருத்தம்: பொருளடக்கத்தில் இரண்டாவது வரி பிழை. அதில் கடைசிச் சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.