என் மனைவி வரிசையில் இருக்கிறாள்

கல்யாணமான நாளிலிருந்து காத்திருப்பது என் வேலை, காக்க வைப்பது அவள் உரிமை. அந்தச் சட்டத்தைத் திருத்தினேன் ஐயா, திருத்தினேன்! ஒரு வாரம் முழுக்க என் மனைவியை வரிசையில் நிற்க வைத்தேன். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

எங்கள் கம்பெனி தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறது. விற்ற மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ஒருத்தர் வீட்டில் சொட்டுகிறது. இன்னொருத்தர் வீட்டில் சொட்டவே மாட்டேன் என்கிறது. சமாளிக்க முடியாமல் முதலாளி எல்லாக் கிளை போன்களையும் ஒன்றாக இணைத்து ஒரு புது சிஸ்டம் வாங்கினார். அதற்குப் பொறுப்பு அடியேன். யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரு பெண் குரல் கொஞ்சும்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்." பிறகு புல்லாங்குழல். யார் யார் காத்திருக்கிறார்கள் என்று என் திரையில் தெரியும். யாரை முன்னே விடுவது, யாரைப் பின்னே தள்ளுவது எல்லாம் என் விரல் நுனியில். வீட்டில் டிவி ரிமோட்டைக்கூடத் தொட அனுமதியில்லாத விரல் அது!

அப்போதுதான் மாமனார் வீடு மாறப் போவதாகச் சேதி வந்தது. ஒரு மூன்றாவது மாடியிலிருந்து இன்னொரு மூன்றாவது மாடிக்கு. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ உண்டு. மாமனார் தூக்க மாட்டார். படிக்கட்டில் நின்று, "மாப்பிள்ளை, சுவரு! சுவரு!" என்று சுவருக்காகப் பதறுவார். போன தடவை அவர் வீடு மாறியபோது பிடித்த இடுப்புவலி இன்னும் என்னை விடவில்லை.

"என்னங்க, லீவு கேட்டீங்களா?"

"கேட்டேன். முதலாளி முடியவே முடியாதுன்னுட்டாரு."

"மறுபடி கேளுங்க."

"மனுஷனா அவரு? கல்லும்மா, கல்லு!"

உண்மையில் நான் கேட்கவே இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவார். அவ்வளவு நல்லவர். அதுதான் என் பயமே!

அவள் விடுவாளா? ஆபீசுக்குள் மொபைல் கூடாது என்பதால் கம்பெனி நம்பருக்கே கூப்பிட்டாள். காலையில் ஒரு "கேட்டீங்களா?" மத்தியானம் ஒரு "கேட்டீங்களா?" சாயங்காலம் "இன்னுமா கேக்கல?" எத்தனை பொய்தான் சொல்வது? பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு முடிவெடுத்தேன். அவள் நம்பர் எப்போதும் வரிசையில் கடைசியாகவே நிற்கும்படி சிஸ்டத்தில் மாற்றி வைத்தேன். அவளுக்குப் பிறகு எத்தனை பேர் கூப்பிட்டாலும், அத்தனை பேரும் அவளுக்கு முன்னே!

மறுநாள் லைனில் வந்தாள். வரிசையில் நாலாவது. ஒரு சொட்டுகிற கேஸ் வந்தது. அவள் ஐந்தாவது. ஒரு சொட்டாத கேஸ் வந்தது. ஆறாவது! என் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்? கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் திரையில் அவள் நம்பரையே காணோம். வைத்துவிட்டாள்! அலுத்துப்போய் வைத்துவிட்டாள்! நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"என்ன சார், லாட்டரி அடிச்சுதா?" என்றாள் பக்கத்து மேசை அக்கா.

"அதுக்கும் மேலக்கா!"

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"இன்னிக்கு போன் பண்ணேங்க. லைன்ல நிறைய பேரு போல."

"ஆமாம்மா. தலைக்கு மேல வேலை."

"பரவாயில்ல. நான் காத்திருக்கேன். புல்லாங்குழல் நல்லாத்தான் இருக்கு."

கோபமே இல்லை. கேட்காமலே காபி வேறு வந்தது. கேட்காமல் வரும் காபியைச் சந்தேகப்பட வேண்டும் என்பது கல்யாணமான எவனுக்கும் தெரியும். வெற்றி மயக்கத்தில் குடித்துத் தொலைத்தேன்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்து. தினமும் வருவாள், கடைசியில் நிற்பாள், காணாமல் போவாள். வாரக் கடைசியில் அக்கா மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏன் சார், முதலாளி ரூம்ல தினமும் ஒரே சிரிப்பா இருக்கே. போன்ல யாரு?"

"யாராவது கஸ்டமரா இருக்கும்."

"இருக்கும். வரிசையில ரொம்ப நேரம் நின்னவங்க கால் தானா அவருக்குத்தானே போகும்? நீங்கதானே சார் அப்படி வெச்சீங்க!"

ஆமாம். 'எந்த வாடிக்கையாளரும் அதிக நேரம் காத்திருக்கக் கூடாது, காத்திருந்தால் அழைப்பு நேரே முதலாளிக்கு!' நல்ல பேர் வாங்க நானே கண்டுபிடித்த திட்டம். அன்றைக்கு மீட்டிங்கில் கைதட்டினார்கள்.

என் போன் அடித்தது. முதலாளி. எழுந்து நின்றே எடுத்தேன்.

"ஏம்ப்பா, நான் கல்லா?"

"சார்?"

"உன் வீட்டம்மா சொன்னாங்க. எடுத்ததுமே, 'என் வீட்டுக்காரருக்கு ஏன் லீவு தர மாட்டேங்கறீங்க'ன்னு என்னை உலுக்கி எடுத்துட்டாங்க. நீ எங்கிட்ட எப்பப்பா லீவு கேட்ட?"

திரையில் நின்ற வரிசையைப் பார்த்தேன்.

"அது வந்து சார்... நான் போயிட்டா இந்த வரிசையை யாரு பாத்துப்பாங்க?"

"அக்கா பாத்துக்கறேன்னுட்டாங்க" என்றது லைனில் இன்னொரு குரல். என் மனைவி! மூன்று பேர் ஒரே லைனில் பேசலாம் என்பது நான் முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை. "ஐயாதான் அவங்களுக்கும் லைன் போட்டுக் குடுத்தாரு."

திரும்பிப் பார்த்தேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முதல் நாளே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா? தினமும் எதுக்கு அவ்வளவு நேரம் காத்திருந்தே?" என்றேன் மனைவியிடம்.

"முதல் நாள் உங்களுக்காகக் காத்திருந்தேன். அப்புறமெல்லாம் ஐயாவுக்காக. நடுவுல நீங்க எடுத்துத் தொலைச்சிடப் போறீங்களேன்னு எனக்கு ஒரே பயம்!"

"சரிப்பா, பத்து நாள் லீவு. நாளைக்கே கெளம்பு" என்றார் முதலாளி.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"பாருங்க ஐயா, சந்தோஷத்துல மனுஷனுக்குப் பேச்சே வரல. பத்தைப் பதினஞ்சாக்கிடுங்களேன்!"

ஆக்கிவிட்டார்.