சோதினை அக்காவிடம் பாஸான கன்னங்கள்

தீவுப்பகுதியில் கடந்த சில வருடங்களில் மணவறை ஏறிய எந்தப் பெண்ணின் கன்னத்துக்கும் உண்மையான சொந்தக்காரி அந்தப் பெண் அல்ல, சோதினை அக்காதான். தாலி கட்டுகிற மாப்பிள்ளை என்றாலும் சரி, அக்கா அனுமதித்தால்தான் அந்தக் கன்னத்துக்குக் கிட்டப் போகலாம்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். வேலணையிலிருந்து புங்குடுதீவு வரை அதை விசாரித்தவர்கள் எவருமில்லை. மணப்பெண் அலங்காரத்துக்கு வருகிற மற்றவர்கள் முதலில் கூறைச்சேலையின் நிறத்தைக் கேட்பார்கள். இவர் தலையணை உறையைக் கேட்பார். எடுத்துவந்து கொடுத்தால் மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்ப்பார். தேங்காய் எண்ணெய் மணந்தால் சோதினையில் பெயில்.

"உறையில இவ்வளவு எண்ணெய் கிடந்தால் முகத்தில எவ்வளவு கிடக்கும்? நான் பூசிப்போட்டுப் போவன், பிறகு பரு வந்தாப்போல என்ர கிறீமுக்கோ பழி?" என்று சொல்லி உறையை மடித்துக் கையில் தந்துவிட்டு எழும்பிவிடுவார். பெயிலானவர்கள் உறையைத் தோய்த்துக் காயவைத்து இரண்டாம் தரம் தோற்றலாம். ஒரு பெண் மூன்றாம் தரத்தில்தான் பாஸானாள் என்றும், அவளுடைய அப்பா அதற்கு அயலுக்கெல்லாம் கேக் கொடுத்தார் என்றும் ஒரு கதை இருந்தது. நான் முழுதாக நம்பவில்லை. கேக் சாப்பிட்டவர்கள் சத்தியம் பண்ணினார்கள்.

சாட்டிப் பக்கம் அவருடைய வீடு. அங்கிருந்து ஸ்கூட்டியில் கடற்பாலத்தைத் தாண்டி எங்கள் இறுப்பிட்டிக்கு வருவார். வெயிலில் கிறீம் பழுதாகிவிடும் என்று, பின்சீற்றில் மீன்காரர்கள் ஐஸ் போட்டு மீன் கொண்டுவருகிற வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கட்டியிருப்பார். அதைக் கண்டால் ஊர்ப் பூனைகள் எல்லாம் வேலிக்கு மேலால் பாய்ந்து பின்னால் ஓடிவரும். வழியில் ஆட்கள் மறித்து, "அக்கா, பாரை கிடக்கோ?" என்று கேட்பார்கள்.

"பவுண்டேசன் கிடக்கு. குழம்பு வைக்கப் போறியளோ?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டியை முறுக்குவார்.

இத்தனைக்கும் அவருடைய முகத்திலும் பரு இருந்தது, அதுவும் வலது கன்னத்தில் மட்டும். கடையில் புதிதாக எது வந்தாலும் முதலில் அந்தக் கன்னத்தில் பூசித்தான் பார்ப்பார். இடது கன்னத்தில் தண்ணீரைத் தவிர ஒன்றும் படவிடமாட்டார். வலப்பக்கம் இருந்து பார்த்தால் அவர் பாவம், இடப்பக்கம் இருந்து பார்த்தால் மகாராணி.

என்னுடைய விசயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் வந்த பரு மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் வந்த வழியே போய்விட்டது. எனக்கு மட்டும் அது காணி உறுதி எழுதிக் குடியேறிவிட்டது. மேக்கப் போட்டால் அன்றைக்கு மறையும், இரண்டாம் நாள் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

இந்த நிலையில் எனக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை கனடாவில். மாதக்கணக்காக வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தோம். என் போன் ஒரு மாதிரியான போன். முகம் தெரிந்தவுடனே, கேளாமலே, அவித்துக் கோது உரித்த முட்டை மாதிரி ஆக்கிவிடும். அதை நிற்பாட்டுகிற இடம் எனக்குத் தெரியும். நிற்பாட்டத்தான் மனம் வரவில்லை. அவர் ஒருநாள், "உமக்கு நல்ல தோல்" என்றார். அன்றைக்குப் பிடித்த பயம் இருக்கிறதே, சோறு இறங்கவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கினால் நான் என்ன செய்வேன்? அவர் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், நல்ல மனிதர். அந்தச் சுருக்கத்தை நான் கண்டுவிட்டால் போதும், ஆயுசுக்கும் மறக்காது.

சோதினை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து தலையணை உறையை மணந்தார். பாஸ். பிறகு என்னை யன்னல் வெளிச்சத்தில் கதிரை போட்டு இருத்தி, கன்னத்தைக் கருவாடு பார்க்கிற மாதிரி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு இது தெரியுமோ?"

"இல்லை அக்கா."

"சொல்லுமன்."

"ஏலாது அக்கா."

"சரி. பூசிறது என்ர வேலை, சொல்லுறது உம்மட வேலை. இப்ப வீட்டில கிடக்கிற கிறீம் எல்லாத்தையும் கொண்டு வாரும்."

வெளிநாட்டில் உள்ள அத்தனை சித்திமாரும் மாமிமாரும் என் முகத்துக்கென்று அனுப்பிய போத்தல்கள் ஒரு அலுமாரித் தட்டு முழுக்க இருந்தன. அக்கா ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு எடுத்து என் தாடைக்குக் கீழே வரிசையாக வைத்தார். மூன்று நாள் அந்த இடத்தைத் தொடக்கூடாது, சொறியக்கூடாது, கண்ணாடியில் பார்த்து ஏங்கக்கூடாது என்று கட்டளை. திரும்பி வந்து பார்த்தபோது, லண்டன் சித்தி அனுப்பிய, தங்க மூடி போட்ட, எல்லாவற்றிலும் விலைகூடிய கிறீம் வைத்த இடம் குளவி குத்தினதுபோல் வீங்கியிருந்தது.

"இதைக் கதவுப் பிணைச்சலுக்குப் போடுங்கோ" என்றார் அக்கா. அப்பா உண்மையாகவே போட்டார். வருடக்கணக்காகக் கத்திய குசினிக் கதவு அன்றோடு வாயை மூடியது. சித்தி போன் எடுத்து, "கிறீம் எப்பிடி?" என்று கேட்க, அப்பா, "நல்ல வேலை செய்யுது" என்றார். மனுசன் பொய் சொல்லவில்லை.

அடுத்தது தண்ணீர். எங்கள் கிணறு உவர். குடிக்கிற நல்ல தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். என் முகம் இனிமேல் பவுசர்த் தண்ணீரில் மட்டுந்தான் கழுவப்படவேண்டும் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். அம்மா அந்தத் தண்ணீரைப் பூட்டிவைக்காத குறை. கலியாணம் முடியும்வரை அப்பாவுக்குக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி. ஒரு மிடறு குடித்துவிட்டு என் கன்னத்தைப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். அடுத்த மிடறு குடிப்பார்.

கலியாணத்துக்கு முந்தின கிழமை ஒத்திகை. சிவந்த பருவுக்கு மேலே நேரே தோல்நிறம் பூசினால் தடிப்பாகத் தெரியும், முதலில் பச்சைநிறம் தொட்டால் சிவப்பு அடங்கும் என்பது அக்காவின் முறை. விரலால் தேய்க்காமல், ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி என் முகம் முழுக்கப் பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா தட்டத்தோடு உள்ளே வந்தார்.

"ஐயோ! என்ர பிள்ளைக்குப் பாசி பிடிச்சிட்டுது!"

தட்டம் விழுந்தது. நல்லவேளை, தட்டத்தில் இருந்தது கிணற்றுத் தண்ணீர்த் தேத்தண்ணி, நட்டமில்லை. அம்மாவைக் கட்டிலில் இருத்தி விசிறிக்கொண்டே அக்கா பச்சைக்கு மேலே மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி முடித்தார். அம்மா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஆர் பிள்ளை?" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

கலியாணத்தன்று விடிய, தலையில் பாலும் அறுகும் வைத்துத் தோயவார்க்கிற நேரம், அக்கா எனக்கு எதிரே குந்தியிருந்து காவல் காத்தார். வருகிற மாமிமாரின் கையைப் பிடித்து, "உச்சியில வையுங்கோ, உச்சியில. நெத்தி என்ர எல்லை" என்று திருப்பிவிட்டார். ஒரு மாமி பக்தி கூடிப்போய்க் கொஞ்சம் தாராளமாக வார்த்துவிட்டார். அக்கா பாய்ந்து தன் சேலைத் தலைப்பால் என் புருவத்துக்கு மேலே ஒரு அணை கட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. தாலி கட்டியாயிற்று. முதல்நாள் இரவுதான் வந்திறங்கிய மாப்பிள்ளை என் பக்கம் அதிகம் திரும்பாமல் நேரே ஐயரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் என்று நினைத்தேன். அப்போதுதான் அவருடைய பெரியம்மா மணவறைக்கு வந்தார். கனடாவில் அவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான், அவர் சரியென்றால்தான் அந்தக் குடும்பத்தில் எல்லாம் சரி. சிவப்பு லிப்ஸ்டிக் போட்ட வாயோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "என்ர மருமோள்!" என்று என்னைக் கொஞ்ச வந்தார்.

நடுவில் ஒரு கை நீண்டது.

"நில்லுங்கோ அம்மா. லிப்ஸ்டிக்கோட ஏலாது."

மேளக்காரர் அடிக்கிறதை விட்டுவிட்டுப் பார்த்தார். என் அம்மா கண்ணை மூடிவிட்டார்.

"என்ர மருமோளை நான் கொஞ்சக்கூடாதோ?" பெரியம்மாவின் குரல் ஏறியது.

"ஆர் கூடாதெண்டது? பின்னேரம் முகம் கழுவினாப் பிறகு ஆசை தீரக் கொஞ்சுங்கோ. இப்ப அவசரமெண்டால் இந்தாங்கோ." அக்கா தன் இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். "இது துப்புரவான கன்னம். மற்றது சோதினையில நிக்குது."

பெரியம்மா விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு வேறு வழியில்லாமல் அக்காவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். கொஞ்சியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பந்தல் முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்தைத் துடைத்துவிட்டு, "சாயம் போகுது, மலிவுச் சாமான்" என்றார்.

பொழுதுபடுகிற நேரம் சனம் குறைந்தது. நான் அறைக்குள் வர, பிளாஸ்டிக் பேசினில் பவுசர்த் தண்ணீரோடு அக்கா காத்துக்கொண்டிருந்தார். பூசின முகத்தைத் தானே கழுவிவிடாமல் அவர் ஒரு வீட்டையும் விட்டுப் போனதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் கெஞ்சினேன்.

"அக்கா, இண்டைக்கு ஒருநாள் விடுங்கோ. நாளைக்கு விடிய நானே கழுவுறன்."

"பூசினபடி படுத்தால் நாளைக்கு விடிய முகம் பொங்கிப்போய்க் கிடக்கும். ஏலாது."

"அவருக்கு இன்னும் தெரியாது அக்கா." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா கிட்ட வந்து கண்ணீரைப் பஞ்சால் ஒற்றினார். அப்போதும் தேய்க்கவில்லை. "அழாதையும் பிள்ளை. உப்பு, எரியும்" என்றார். அவருடைய குரல் அவ்வளவு மெதுவாக வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை போன் சார்ஜரைத் தேடிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"தம்பி, நல்ல நேரம் வந்தனீர். கையைக் கழுவிப்போட்டு இந்தப் பேசினைப் பிடியும்."

பெரியம்மாவையே மறித்தவரிடம் அவர் என்ன பேசுவது? பிடித்தார். அக்கா கழுவத் தொடங்கினார். தோல்நிறம் போனது, பச்சை போனது, சிவப்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் அந்தச் சுருக்கத்தைக் காண நேரும் என்று திறக்கவேயில்லை.

"அக்கா…" மாப்பிள்ளையின் குரல் தயங்கியது. "உந்தப் பஞ்சு இன்னும் கிடக்கோ?"

"ஏன்?"

"எனக்கும் கொஞ்சம் கழுவவேணும். விடியக் காத்தால ஹோட்டல் ரூமில வீடியோ பாத்து நானே பூசினனான்."

நான் கண்ணைத் திறந்தேன். அக்கா அவருடைய நாடியைப் பிடித்து மின்விளக்குக்கு நேரே திருப்பினார்.

"ஐயோ தம்பி! சுவருக்கு வெள்ளையடிச்ச மாதிரி அப்பியெல்லோ கிடக்கு! ஆற்ற பவுண்டேசன் இது?"

"பெரியம்மான்ர."

"தோலின்ர துவாரத்தை அடைக்காது எண்டு போத்தலில எழுதிக் கிடந்ததோ?"

"பாக்கேல்லை அக்கா."

"பெயில்."

பேசின் என் கைக்கு மாறியது. அக்கா கழுவக் கழுவ அவருடைய கன்னத்திலும் பருக்கள் வரிசையாக வெளிவந்தன. நாடியில் ஒன்று என்னுடையது எதையும்விடப் பெரிது. அவர் ஈர முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"போனில நானும் பருவை அழிச்சுத்தான் காட்டினனான். உம்மட முகத்தைப் பாத்துப் பாத்து எனக்கு நித்திரையில்லை. இப்பிடி ஒரு தோலுக்கு முன்னால என்ர மூஞ்சையை எப்பிடிக் காட்டுறதெண்டு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து பேசின் ஆடியது. அவருடைய வேட்டி முழுக்கத் தண்ணீர். அக்கா இரண்டு துவாய்களை எடுத்து ஆளுக்கொன்றாக எறிந்தார். "கலியாணம் கட்டினாலும் துவாய் வேற வேற. தேய்க்காமல் ஒத்துங்கோ" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். படலையடியில் பூனைகள் எழும்பி நின்றன.

எங்கள் கலியாண அல்பம் அம்மிக்கல் பாரம். பக்கத்துக்குப் பக்கம் பருவே இல்லாத இரண்டு பேர் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். அவர்களை எங்களுக்கே சரியாகப் பழக்கமில்லை. சோதினை அக்கா ஒரு படத்திலும் இல்லை. கமரா திரும்புகிற நேரமெல்லாம் என் சேலைக்குப் பின்னால் குந்திவிடுவாராம். பெரியம்மா அவரைக் கொஞ்சியதையாவது எடுத்திருக்கலாம். படமெடுத்தவர் சிரித்த சிரிப்பில் கமரா ஆடி, படத்தில் பந்தல் கூரைதான் விழுந்திருக்கிறது. இங்கே கனடாவில் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த அல்பத்தைப் புரட்டிவிட்டு, "என்ன வடிவு!" என்கிறார்கள். நானும் அவர்களோடு இருந்து கடைசிப் பக்கம் வரை பார்க்கிறேன். நான் தேடுகிற முகம் அதில் இல்லை.