ஃபுல் டேங்க்கும் பிரிஸியின் கல்யாணக் கேக்கும்

குடியும் சீட்டாட்டமும் எனக்குக் கிடையாது என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார். உண்மைதான். ஆனால் இருபத்தொன்பதாவது வயதில் எனக்கு மைலேஜ் பழக்கம் இருந்தது. அதுவும் குடும்பத்தைக் கெடுக்கும் பழக்கம்தான் என்பது வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது.

புதிதாக பைக் வாங்கியிருந்தேன். கம்பெனி சொன்ன மைலேஜைவிட ஒரு கிலோமீட்டராவது கூடுதலாக எடுத்துக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. டயரில் காற்றைக் கல் மாதிரி அடைத்து வைப்பேன். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவேன். பின்னால் யாரையும் ஏற்றமாட்டேன். (ஹெல்மெட்டின் எடையைக்கூட ஒருமுறை யோசித்தேன். போலீஸுக்குப் பயந்து போட்டுக்கொண்டேன்.)

பெட்ரோல் போடுவதிலும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தேன். விடிந்ததும் போய்விட வேண்டும். பூமிக்கு அடியில் பெட்ரோல் குளிர்ந்து, சுருங்கி, ‘கெட்டியாக’ இருக்கும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பம்ப் தானாக நின்றதும் இடமும் வலமுமாகக் குலுக்கினால் உள்ளே சிக்கிய காற்று வெளியே வரும். அந்த இடத்திலும் பெட்ரோல் ஊற்ற வேண்டும். மூடிக்கு விரற்கடை கீழே அது பளபளப்பது கண்ணில் தெரிந்தால்தான் எனக்கு ஃபுல் டேங்க்.

என் தங்கை பிரிஸியின் கல்யாணத்தன்று காலையிலும் அப்படித்தான் போட்டேன்.

“சாகு சார், சாகு!” என்று பங்க்கில் இருந்தவர் கெஞ்சினார். கன்னடத்தில் சாகு என்றால் போதும். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். அன்று அவர் தமிழில் சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

பிரிஸியின் கேக்கை அம்மாதான் செய்திருந்தார். திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் மூன்று மாதம் ரம்மில் ஊறவைத்து, தினமும் ஜாடியைத் திறந்து கிளறி, ஈஸ்டர் முடிந்த வாரம் இரண்டு அடுக்காகச் சுட்டார். ஐசிங் மட்டும் கம்மனஹள்ளியில் இருக்கும் ஃபுளோரா ஆன்ட்டி பொறுப்பு. மூன்றரை மணிக்கு எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் மாதா கோவிலில் கல்யாணப் பூசை, ஐந்து மணிக்குப் பக்கத்து ஹாலில் வரவேற்பு. அதற்குள் கேக்கைக் கொண்டுவருவது அண்ணனாகிய என் வேலை.

“ஆட்டோவுல போடா. ஜெரோமைக் கூட்டிட்டுப் போ, அவன் மடியில வச்சிப்பான்” என்றார் அம்மா.

ஜெரோம் என் சித்தப்பா மகன். என்னைப்போல் ஒன்றரை மடங்கு ஆள். அவனுடைய மடி ஒரு டைனிங் டேபிள்.

“ஆட்டோவுல குலுங்கும்மா. நான் பைக்லயே ஸ்மூத்தா கொண்டாந்துடுவேன்.”

“அப்ப நான் பின்னாடி உக்காந்து புடிச்சிக்கிறேன்டா” என்றான் ஜெரோம்.

நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். ‘போகவர அரை லிட்டர்’ என்று மனது சொன்னது. “வேணாம், நீ ஹாலைப் பாத்துக்கோ” என்று கிளம்பிவிட்டேன். காலத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியுமானால், நான் நிறுத்துவது இங்கேதான்.

ஃபுளோரா ஆன்ட்டி கடைசி ரோஜாவைப் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை வண்டி சித்திரை வெயிலில் வெளியே நின்றது. காலையில் குளிர்ந்து சுருங்கியிருந்த பெட்ரோல் வெயிலில் விரியும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். என் சாஸ்திரத்தில் முதல் பாதி மட்டும்தான் இருந்தது.

கேக் பெட்டி அகலமானது. பின் சீட்டில் நிற்காது என்று டேங்க்கின் மேல், மூடியை மறைத்து வைத்து, இரண்டு கைக்கும் நடுவில் அணைத்துக்கொண்டேன். சிக்னல்களில் நின்றால் மைலேஜ் போய்விடும் என்று குறுக்குத் தெருக்களில் புகுந்தேன். அங்கே சிக்னல் இல்லை. பத்தடிக்கு ஒரு ஹம்ப், அதாவது வேகத்தடை, இருந்தது. பிரேக் போட்டாலும் மைலேஜ் போகும் அல்லவா? அப்படியே ஏறி இறங்கினேன். கல் மாதிரி இருந்த டயர் ஒவ்வொரு ஹம்பிலும் என்னையும் கேக்கையும் ஆகாயத்துக்கு அனுப்பி வாங்கியது. வழியெல்லாம் பெட்ரோல் வாசனை. டேங்க் அவ்வளவு ஃபுல்லாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஹால் வாசலில் பெட்டியைத் தூக்கியபோதுதான் அடி அட்டை ஈரமாக இருப்பது கைக்குத் தெரிந்தது. மோந்து பார்த்தேன். பெட்ரோல். எல்லோரும் கோவிலுக்குள் இருந்தார்கள். அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இன்னொரு கேக் வாங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் என்ன செய்தேன்? கைக்குட்டையால் துடைத்தேன். காய்ந்தால் வாசனை போய்விடும் என்று பெட்டியை ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டு, பூசைக்குப் போய் உருக்கமாக ஜெபித்தேன். (ஜெபம் முழுவதும் ஆவியாதல் பற்றியது.)

பூசை முடிந்து வந்து அம்மா பெட்டியைத் திறந்தார். மேல் அடுக்கு ஒரு பக்கம் சரிந்திருந்தது. சர்க்கரை மாப்பிள்ளை சர்க்கரைப் பெண்ணின் மேல் மயங்கி விழுந்திருந்தார். அம்மா ஒரு கத்தியை எடுத்து ஐசிங்கைத் தடவிச் சரிசெய்தார். வெளியே ஜெனரேட்டர் ஓடியதால் வாசனையை யாரும் சந்தேகப்படவில்லை.

பிரிஸியும் மாப்பிள்ளை எட்வினும் கேக்கின் முன்னால் வந்து நின்றார்கள். அப்போது ஹால்காரர் ஒருவர் கேக்கைச் சுற்றி மெழுகுவத்திகளை அடுக்கித் தீப்பெட்டியை எடுத்தார்.

“வேணாம்!” என்று நான் பாய்ந்து அதைப் பிடுங்கினேன். ஹாலே திரும்பியது.

“ஏண்ணா?” என்றாள் பிரிஸி.

வாயில் வந்ததைச் சொன்னேன். “புகை... உனக்கு ஆஸ்துமா இல்ல?”

பிரிஸிக்கு அதுவரை சளிகூடப் பிடித்ததில்லை. எட்வினின் அம்மா மெதுவாக எங்கள் அம்மாவிடம் திரும்பினார். “ஆஸ்துமாவா? இதெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே சம்பந்தி.”

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை. நிகழ்ச்சியை நடத்தியவர் நிலைமையைச் சமாளிக்க, “கேக் வெட்டலாமா!” என்று மைக்கில் கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கத்தி இறங்கியது. பிரிஸி ஒரு துண்டை எடுத்து எட்வின் வாயில் வைத்தாள்.

எட்வின் மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கவும் முடியாமல், முதல் நாளே மாமியார் கேக்கைத் துப்பவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைக்குட்டையில் துப்பிவிட்டு, என் பக்கம் சாய்ந்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“மச்சான், இது எந்த பங்க்?”

ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் மைக் பக்கத்திலேயே இருந்தது.

இருநூறு பேர் சிரித்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: குலுக்கியது, வெயில், ஹம்ப், கைக்குட்டை, ஆஸ்துமா. எட்வினின் அம்மாகூட நிம்மதியில் சிரித்துவிட்டார். ஜெரோம் ஆட்டோவில் ஓடிப்போய் ஒரு பேக்கரியிலிருந்து ஹனி கேக் வாங்கி, தன் மடியில் ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்தான். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். பிரிஸியின் கண் மை கரைந்திருந்தது. “கேக்குக்காக இல்லண்ணா. நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். அம்மா மேசையருகில் நின்று இரண்டு அடுக்குகளையும் கறுப்புப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் உதவப் போனேன். “விடுடா, நான் பாத்துக்கிறேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிரிஸியும் எட்வினும் இப்போது அத்திபெலேயில் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யார் கேக் வெட்டினாலும், முதல் துண்டை வாயில் போடுமுன் எட்வின் என்னைப் பார்த்து, “மச்சான், இது எந்த பங்க்?” என்று கேட்டாக வேண்டும். போன மாதம் அவர்கள் மகளின் பிறந்தநாளிலும் கேட்டார். அந்தக் கதையைக் கேட்காதவர்கள் நாலு பேர் இருந்ததால் ஜெரோம் முழுவதையும் நடித்துக் காட்டினான். நானும் சிரித்தேன். இந்த ஒன்பது வருடத்தில் நன்றாகவே சிரிக்கப் பழகிவிட்டேன்.

இந்தக் கதை வரும்போதெல்லாம் பேசாமலிருக்கும் அம்மா அன்று மெதுவாகச் சொன்னார்: “ஐசிங்குக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, அடியில கொஞ்சூண்டு கிள்ளி வாயில போட்டுப் பாத்தேன். என் ஆயுசுல அந்த மாதிரி ஒரு கேக் எனக்கு வந்ததே இல்ல.”

தன் கல்யாணக் கேக்கை ஒரு வாய்கூடச் சாப்பிடாத பிரிஸி, என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் கேட்டாள். “எப்படிம்மா இருந்துச்சு?”