இருபதாவது ஆள்

"ரோல் நம்பர் பதினாலு!"

வரலட்சுமி மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். பதினாலாம் நம்பர் உட்காரும் இடத்தில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி மட்டும் இருந்தது.

"மங்கைப் பட்டறைக்குப் போயிட்டானுங்க டீச்சர்," என்றாள் முன்வரிசைப் பாத்திமுத்து. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வகுப்பில் அவள்தான் மூத்த மாணவி.

"எப்ப?"

"இப்பத்தானுங்க. நீங்க ரிஜிஸ்டரைத் தொறக்கறப்ப."

பெரியநாயக்கன்பாளையத்தில் அந்தச் சமுதாயக் கல்லூரி தொண்ணூற்றாறு ஜூலையில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்கு ஒரே வருஷத்தில் மோட்டார் ரீவைண்டிங் சொல்லிக்கொடுத்து டிப்ளமா தருவது என்று ஏற்பாடு. எரிந்துபோன பம்ப் மோட்டாருக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றும் தொழில் அது. சேர்ந்தவர்கள் முப்பத்து நாலு பேர். அக்டோபரில் மிச்சம் இருபத்தொன்று. ஏழாம் நம்பர், வெள்ளகோவில் சுந்தரராஜுலு, தபாலில் விண்ணப்பம் போட்டதோடு சரி. ஒரு நாளும் தலைகாட்டவில்லை. மற்றவர்களை எல்லாம் கொத்திக்கொண்டு போனது மங்கை மொதலாளி.

கோயமுத்தூர்ப் பக்கம் பட்டறைக்காரருக்குச் சொந்தப் பெயர் அவசியமில்லை. 'மங்கை மோட்டார்ஸ்' நடத்துகிறவர் மங்கை மொதலாளி. ஆறடி உயரமும் முறுக்கு மீசையும் அந்தப் பெயருக்கு ஒரு நாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

கல்லூரிச் செயலாளர் லட்சுமிநாராயணன் அளவு டேப்பும் கையுமாக வகுப்புக்குள் வந்தார்.

"ஏனுங்க, கிளாஸ் நடக்குதுங்க!"

"நடக்கட்டுமுங்க அம்மணி. ஒரு பந்திக்கு எத்தனை எலை போடலாம்னு பாத்துக்கறேன். ஏப்ரல்ல இருவது பேரு பரீட்சை எழுதலீன்னா, மே மாச முகூர்த்தத்துக்கு ஹால் ரெடியா இருக்கோணுமில்லீங்களா? காலேஜை மூடிக் கல்யாண மண்டபம் ஆக்கறதுன்னு கமிட்டியில முடிவே பண்ணிப்போட்டாங்க."

"இருவது பேரு எழுதுவாங்க. டேப்பை எடுங்க, பசங்க கால் தடுக்கும்."

சொல்லிவிட்டாள். வரலட்சுமியும் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு, கல்யாணமாகி, ஒன்பது வருஷம் கழித்துக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் முடித்தவள். பாதியில் நிற்கிற எதைப் பார்த்தாலும் அவளுக்கு உடம்பு எரியும். பாதி குடித்து வைத்த காபி டம்ளரைக்கூடப் பொறுக்கமாட்டாள்.

அன்றே பாடத்திட்டத்தைப் புரட்டிப் போட்டாள். செய்முறையை முதலில் வைத்ததால்தானே கம்பி சுற்றத் தெரிந்ததும் ஓடுகிறார்கள்? இனி முதலில் தியரி. கம்பியையே கண்ணில் காட்டாவிட்டால் எந்தப் பட்டறை எடுக்கும்?

மூன்று பேர் தூங்கித் தூங்கி நின்றே போனார்கள். அதோடு மங்கை மொதலாளி பாத்திமுத்துவையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

வரலட்சுமிக்குத் தலை சுற்றியது. "உனக்குத்தான் கம்பிக் காயில் பிடிக்கவே தெரியாதே! எதுக்கு எடுத்தாரு?"

"தெரியலீங்க டீச்சர். வேலையும் பெருசா இல்லீங்க. டீ நேரத்துல போண்டா வாங்கிக் குடுத்து, பேசச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்காருங்க. நல்ல மனுசனுங்க."

அடுத்தது சீட்டு. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் முத்திரை குத்தி ஒரு சின்னச் சான்றிதழ். பன்னிரண்டு சீட்டு சேர்ந்தால் டிப்ளமா. ருசி கண்டவர்கள் விடமாட்டார்கள் என்று நம்பினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மறுவாரமே மங்கை வாசலில் போர்டு தொங்கியது: 'ஆட்கள் தேவை. ஆறாம் பாடம் முடித்தவர் மட்டும். ஐந்தாம் பாடத்தார் வரவேண்டாம்.'

டிவிஎஸ் ஃபிப்டியை முறுக்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனாள்.

"வாங்க அம்மணி, உக்காருங்க," என்று மங்கை மொதலாளி தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். அவர் நின்றுகொண்டார்.

"உக்கார வரலீங்க. எம் புள்ளைகளைப் பாதியில பிடுங்காதீங்க. பாதிப் படிப்புக்காரனை வெச்சு நீங்களும் பாதி மோட்டார்தான் செய்வீங்க!"

"நீங்க சொன்னாச் செரிங்க."

"இனிமே எடுக்கமாட்டீங்களே?"

"செரிங்க அம்மணி. டீ சாப்பிடுங்க."

மறுநாள் ஏழாம் பாடத்தில் இரண்டு பேரைக் காணோம். கொங்கு நாட்டு மரியாதையோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாருமில்லை. மாலை வகுப்பு வைத்தாள். அவர் ஓவர்டைம் வைத்தார். ஜனவரிப் பொங்கலுக்குள் வகுப்பில் மிஞ்சியது ஆறு பேர். லட்சுமிநாராயணன் சமையலறைக்கு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று வரலட்சுமி துணிந்தாள். பிள்ளைகள் கல்லூரிக்கு வரவில்லையா? கல்லூரி பிள்ளைகளிடம் போகும். பட்டறையில் வேலை பார்த்த நாளெல்லாம் வருகை நாள் என்று புதுவிதி எழுதி, தானே கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினாள்.

"யாரைக் கேட்டுங்க இப்படிச் செஞ்சீங்க?" என்று லட்சுமிநாராயணன் குதித்தார்.

"யாரையும் கேக்கலீங்க. வேண்டாம்னா நீங்களே கிழிச்சுப்போடுங்க. நாளைக்கு மறுபடியும் ஒட்டுவேன். பசை இருக்குது."

தினமும் நாலு மணி டீ நேரத்துக்குக் கரும்பலகையை வண்டியில் கட்டிக்கொண்டு மங்கை வாசலில் போய் இறங்கினாள். படிப்பை விட்டவர்களில் பதினாலு பேர் கையில் டீயும் மடியில் நோட்டுமாகத் திரும்ப உட்கார்ந்தார்கள். மொதலாளி தடுக்கவில்லை. ஷட்டருக்குப் பின்னால் ஒரே ஸ்க்ரூடிரைவரை அரைமணி நேரம் துடைத்துக்கொண்டு நிற்பார். வேவு பார்க்கிறார் என்று அவள் இன்னும் உரக்க நடத்தினாள்.

நிற்காமல் இன்னொன்றும் செய்தாள். வராத ஏழாம் நம்பருக்கு ஆகஸ்டிலிருந்தே மாதம் ஒரு தபால் கார்டு. 'தம்பி சுந்தரராஜுலு, இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஒரே ஒரு நாள் வந்து பார்.' வெள்ளகோவிலிலிருந்து பதில் வந்ததே இல்லை.

ஏப்ரலில் பரீட்சை நாள் வந்தது. சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் கேள்வித்தாள் கட்டோடு வந்திறங்கினார். தலைகளை எண்ணினார். பத்தொன்பது.

"பதினாலாம் நம்பர் கதிரேசன் எங்க?" வரலட்சுமி வாசலை எட்டிப் பார்த்தாள்.

"காத்தால மொதலாளி காரமடைக்கு அனுப்பிப்போட்டாருங்க," என்றாள் பாத்திமுத்து மெதுவாக. "தோட்டத்துல மோட்டார் எரிஞ்சு போச்சாமுங்க. வாழை காயுதுன்னு அழுதாங்களாமுங்க."

லட்சுமிநாராயணன் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வருஷம் முழுக்க ஓடிய ஓட்டம் ஒரு தலை குறைந்ததில் கவிழ்ந்தது. இருந்தும் வரலட்சுமி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பத்தொம்பது பேரு எழுதி முடிக்கற வரைக்கும் இந்த ஹால்ல ஒருத்தரும் எலை போடமுடியாது. போடறவங்க என்னைத் தாண்டிப் போடுங்க!"

அவளுக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு மங்கை மொதலாளி.

"நீங்களா! எங்க வந்தீங்க? இருவதாவது ஆளைக் கெடுத்துப்போட்டு வேடிக்கை பாக்கவா?"

"பையன் திரும்பற வரைக்கும் காத்திருக்கமாட்டாங்கன்னுதானுங்க..." என்று மொதலாளி தரையைப் பார்த்தார். "நானே வந்துபோட்டேனுங்க."

"பரீட்சைக்கு ஆள்மாறாட்டமா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தபால் கார்டை எடுத்து நீட்டினார். ஒன்பது கார்டுகள். எல்லாம் அவள் கையெழுத்து. 'தம்பி சுந்தரராஜுலு...'

"சொந்த ஊரு வெள்ளகோவிலுங்க. அம்மா பத்திரமா எடுத்து வெச்சுக் குடுக்குமுங்க. எட்டாவதோட நின்ன ஆளுங்க நானு. எங்கிட்ட கூலிக்கு வர்ற வயசுப் பசங்களோட பெஞ்சுல உக்கார வெக்கமாப் போச்சுங்க." மீசை லேசாகத் துடித்தது. "பட்டறையில இருந்த நாளெல்லாம் வருகைன்னு நீங்க ஒட்டியிருந்தீங்க. அப்படிப் பாத்தா எனக்கு நூத்துக்கு நூறுங்க."

அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, ஏழாம் எண்ணில் விரல் வைத்து, கேள்வித்தாள் ஒன்றை உருவி நீட்டினார். லட்சுமிநாராயணனின் டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போயிற்று.

வரலட்சுமிக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. "செரி, பேரு இருக்குது, வருகை இருக்குது. ஒரு நாளாவது பாடத்துக்கு முன்னால உக்காந்தீங்களா? என்னத்தை எழுதுவீங்க?"

மொதலாளியின் காது இரண்டும் சிவந்து போயின. முன்வரிசையிலிருந்து பாத்திமுத்துதான் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"பன்னெண்டு பாடமும் எழுதுவாருங்க டீச்சர்! எங்களையெல்லாம் வேலைக்கா எடுத்தாரு? பாடத்துக்கு ஒருத்தர்னு, ட்யூசனுக்குத்தானுங்க எடுத்தாரு!"