பின்சக்கரத்து மட்கார்டு விஷயமாகத் தம்பிக்கு அக்கா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. கடிதமென்றால் கேட்டாக வேண்டும் என்பதால் கேட்டதாக வைத்துக்கொள். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் குரலை உயர்த்தின உடனே "அக்கா, சிக்னல் விட்டு விட்டு வருது" என்று நீ வைத்துவிடுவாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

நீ வேலை மாறிப் போகும்போது உன் எலக்ட்ரிக் மலைச் சைக்கிளை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "மேடெல்லாம் தானா ஏறும்க்கா, வீடு வீடா அலையிற உனக்குத்தான் இது சரி" என்றாய். முட்டி மாற்றியவர்களுக்கும் கைகால் விழுந்தவர்களுக்கும் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிற எனக்கு அது பெரிய உதவி என்று நானும் நம்பித் தொலைத்தேன். வெயில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. மழை பிடித்த பிறகுதான், பின்சக்கரத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாசம்தான் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. பல்லும் பல்லுமாக இருக்கிற அந்த டயர் ரோட்டுச் சேற்றை அள்ளி, என் இடுப்பிலிருந்து பிடரிவரை ஒரே கோடாகப் போட்டுவிடுகிறது. முட்டி மாற்றிக்கொண்ட சர்வேயர் வீட்டில், அவர் மனைவி நான் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியில் பேப்பர் விரித்தார். "தப்பா நினைக்காதீங்க, உறை புதுசு" என்றார். சர்வேயர் என் முதுகை உற்றுப் பார்த்துவிட்டு, "நேர்கோடுன்னா இது நேர்கோடு! முப்பது வருஷ சர்வீஸ்ல நான்கூட இப்படிப் போட்டதில்ல" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

உன்னைக் கூப்பிட்டேன். "மட்கார்டா? மலை வண்டிக்கு அதை மாட்டினா வண்டியோட அழகே போயிடும்க்கா" என்றாய். அக்காவின் அழகு போனால் பரவாயில்லை. பிறகு, "சரி, எது வேணா வாங்கு. எல்லாம் ஒண்ணுதான். அஞ்சு நிமிஷ வேலை" என்றாய். இந்த மூன்று வாக்கியத்துக்காக உன்னை என்ன செய்தால் தகும்?

கடைக்காரர் மூன்று கேள்வி கேட்டார். சக்கரம் எவ்வளவு பெரிசு, டயர் எவ்வளவு அகலம், பின்னால் ஸ்பிரிங் உண்டா. மூன்றுக்கும் முழித்தேன். "காலைப் பாக்காம செருப்பு வாங்க வந்திருக்கீங்களேம்மா" என்றார். "எல்லாம் ஒண்ணுதான்னு என் தம்பி சொன்னானே" என்றேன். "அப்ப தம்பியையே பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டுப் போங்க, சேறு அவர்மேல அடிக்கட்டும்" என்றார். அந்த மனிதர்மேல் கோபம் வந்து, வேறு கடையில், இரண்டு பக்கமும் கம்பி வைத்த நீளமான மட்கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தக் கம்பியைத் திருகுவதற்கு உன் வண்டியில் ஓட்டையே கிடையாது. நானும் உன் அத்தானும் டார்ச் அடித்துத் தேடினோம். இல்லாத ஓட்டையை எத்தனை நேரம் தேடுவது?

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சீட்டுக் கம்பியில் கவ்வுகிற ரகம் ஒன்றை வாங்கினேன். உன் அத்தான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் என்பது உனக்குத் தெரியும். கூட வந்த தாளில் வெறும் படம்தான். "ஒரு எழுத்துகூட இல்ல, இதுல எதைத் திருத்துறது?" என்று அரைமணி நேரம் அதைத் தலைகீழாகவும் வைத்துப் பார்த்தார். கடைசியில் சாப்பாட்டு அறை நடுவில் வண்டியைச் சாய்த்து, சீட்டுக்குக் கீழே பளபளவென்று இருந்த கம்பியில் இறுக்கிவிட்டார். பளபளவென்று இருக்கிற அந்தக் கம்பிதான், பொத்தானை அழுத்தினால் உள்ளே இறங்குகிற கம்பி என்பதை நீ எங்களுக்குச் சொன்னாயா? வாயே திறக்கவில்லை! மறுநாள் நான்கு ரோடு சந்திப்பில் கால் ஊன்றுவதற்காகப் பொத்தானை அழுத்தினேன். சீட்டு இறங்கியது, மட்கார்டும் கூடவே இறங்கி டயர்மேல் உட்கார்ந்தது. பச்சை விளக்கு எரிந்து நான் கிளம்பினதும் 'டர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம், தெருவே திரும்பிப் பார்த்தது. அதைப் பிய்த்துப் பையில் போட்டேன். ஆனால் கம்பி கீறிப்போய், இறங்கின சீட்டு ஏற மாட்டேன் என்றது. முட்டி தாடையில் இடிக்க இடிக்க நான் வண்டி ஓட்டிக்கொண்டு போவதை, "நிமிர்ந்து உக்காருங்க" என்று நான் தினமும் திட்டுகிற நோயாளி மாடியில் வாக்கரைப் பிடித்தபடி நின்று பார்த்தார். பார்த்ததோடு விட்டாரா? "நிமிர்ந்து உக்காருங்கம்மா!" என்று கத்தினார்.

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு முதல் கடைக்காரரிடமே போய் நின்றேன். அவர் சீட்டைச் சரிசெய்துவிட்டு, "பின்சக்கரம் குதிக்கிற வண்டிம்மா இது. மட்கார்டும் சக்கரத்தோட சேர்ந்து குதிக்கணும். சக்கரத்தைப் பிடிச்சிருக்கற சட்டத்துல பட்டை போட்டுக் கட்டணும். நாளைக்கு விடுங்க, நானே மாட்டித் தர்றேன்" என்றார். ஆனால் மறுநாள்தான் எனக்கு இன்டர்வியூ. மறுவாழ்வு மையத்தில் தலைமைப் பொறுப்பு, பதினான்கு வருஷமாக நான் காத்திருந்த நாற்காலி. அதனால் பட்டை வைத்த மட்கார்டை அன்றே வாங்கி வந்தேன், உன் அத்தான் மாட்டினார். டயருக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி, ஆட்டினாலும் ஆடவில்லை. உன் அத்தானை முதல்முறையாகப் பாராட்டினேன்.

காலையில் கொட்டுகிற மழை. தெருமுனைவரை தேர் மாதிரிதான் போயிற்று. மேட்டில் பாதி ஏறினதும் மோட்டார் செத்துவிட்டது. கைப்பிடியில் இருக்கிற சின்னத் திரையில் ஏதோ ஒரு எண் மின்னுகிறது. மழையில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். "அத்தான் மாட்டினாரா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். தம்பி, நீ சிரித்தாய். இருபத்தைந்து கிலோ இரும்பை நான் மேட்டில் தள்ளிக்கொண்டு போனேன். இருபது நிமிஷம் தாமதம். தலைமை டாக்டர், "இந்தக் கோலத்துல வந்திருக்கீங்களே?" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து திரும்பி நின்று, "முதுகைப் பாருங்க சார், ஒரு பொட்டுச் சேறு இருக்கா?" என்றேன். இல்லைதான். ஆனால் முன்சக்கரம் என்று ஒன்று இருக்கிறதே, அது மூக்கிலிருந்து முழங்கால்வரை பூசிவிட்டிருந்தது. நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. காரில் வந்தவர்.

அன்று சாயங்காலம் வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன், கடைக்காரர் குனிந்து பார்த்தார். பட்டை கட்டும்போது சக்கரக் கம்பியில் இருந்த காந்தத்துண்டு இடம் நகர்ந்துவிட்டதாம். சக்கரம் சுற்றுகிறது என்று மோட்டாருக்குத் தெரிவதே அதை வைத்துத்தானாம். இரண்டு விரலால் திருப்பினார். மோட்டார் உயிர்பெற்றது. அவ்வளவுதான்! இதைச் சிரிக்காமல் போனில் சொல்ல உன்னால் முடியாதா? அந்தப் பதினான்கு வருஷத்தை உன் சிரிப்பில் கரைத்துவிட்டாய். பொறுத்தது போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து உன் வண்டியை எடுத்துக்கொண்டு போ. வராவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவேன். அதன் பிறகு எனக்குத் தம்பி ஒருவன் இருந்தான் என்பதே ஞாபகம் இருக்காது.

உன் மனைவிக்கும் என் மருமகளுக்கும் என் ஆசிகள். அவர்கள் தீர்க்காயுசாக, சேறு படாமல் இருக்கட்டும். உனக்கு ஆசி கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கத் தபால்தலை வாங்கிவர, மழையோடு மழையாக உன் அத்தான் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிஷ வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம். ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் சேறு, முதுகு மட்டும் துவைத்த துணி மாதிரி, வாயெல்லாம் பல்லாக வந்து நின்று, "மேட்டுமேல வரைக்கும் போனேன். ஏரி தெரியுது அங்கேருந்து. வா, காட்டுறேன்" என்றார். தபால்தலை வாங்கவில்லை. பின்னால் உட்கார இடமில்லாததால் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் ஓடி வந்தார். வண்டியை எடுக்க வராதே. வந்தாலும் தரமாட்டேன். உன் அத்தானுக்கு இதே மாதிரி இன்னொன்று எங்கே கிடைக்கும் என்று உடனே விசாரித்துச் சொல். சிரிக்காதே.