கிழக்கு வரிசையை வெட்ட மாட்டேன்

கோயமுத்தூர் கணபதியில் குடியிருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி பாலுசாமி அவர்களுக்கு, அவிநாசியிலிருந்து லட்சுமணசாமி எழுதுவது. இவ்விடம் மனுசர்கள் அனைவரும் சுகம். எலுமிச்சை மரங்கள் சுகமா இல்லையா என்பதில்தான் வீட்டுக்குள் இரண்டு கட்சி. தாங்களும் தங்கச்சியும் நலமாயிருக்க அவிநாசியப்பர் துணையிருக்கட்டும்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் பேசினால் தாங்கள் "சரிங்க, சரிங்க" என்று சொல்லியே என் கோபத்தைக் கரைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது.

விஷயம் தங்கள் மகள் ஷ்ரவ்யாவைப் பற்றியது. மருமகளாக வந்த நாளிலிருந்து அம்மணி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கோயமுத்தூர் ஆராய்ச்சிக்கூடத்தில் இலைக்குள் இருக்கும் புரதத்தைப் பிரித்துப் பார்க்கிற வேலை என்றபோது, பருப்பில் இருப்பது இலையிலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். போன மாசம் அம்மணி நம்ம தோட்டத்துக்கு வந்து, கெழக்கு வரிசையில ஒரு எலையைக் கிள்ளி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துச்சுங்க. நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி மஞ்சளாம், அந்தப் பக்கம் வேற மாதிரியாம். "மாமா, இது சத்துக் கொறைவு இல்லீங்க, கிரீனிங் நோய்ங்க. இந்த வரிசையை எடுத்தாத்தான் மத்த மரத்தைக் காப்பாத்த முடியும்"னு சொல்லிப்போட்டுது. நான் எலுமிச்சை விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவருங்க. எலை மஞ்சளாச்சுன்னு வந்தவங்களுக்கெல்லாம் சத்துக் கொறைவுதான்னு துத்தநாகம் அடிக்கச் சொல்லி அனுப்பிச்சவன். என் தோட்டத்துலயே நோயின்னா மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெக்கறது? வெட்ட மாட்டேன்னுட்டேன்.

அதுக்கப்பறம் அம்மணி எலைகளைப் பறிச்சு ஊட்டு பிரிட்ஜுல வெச்சு, ஐஸ் பெட்டியில போட்டு வேலைக்கு எடுத்துட்டுப் போகும். என் சம்சாரம் காளியாத்தாள் ஒரு நாள் அது நார்த்தை எலைன்னு நெனச்சுத் தொவையல் அரைச்சுப்போட்டா. நாந்தான் ஆசையாத் தின்னேன். மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு அம்மணி தைரியம் சொல்லுச்சு. தின்ன எனக்கே ஒண்ணும் ஆகலைன்னா மரத்துக்கு மட்டும் என்ன ஆயிருமுன்னு கேட்டேன். அதுக்குத்தான் அம்மணி வெளக்கம் சொல்லுச்சுங்க. எலையில ஆகற சாப்பாடு வேருக்குப் போற கொழாயில கிருமி குந்திக்குதாம். "கிருமியை விட மரத்தோட வீம்புதானுங்க மாமா கெடுதல். கிருமி வந்துட்டுதுன்னு மரமே புரதத்தைச் சேத்துத் தன் கொழாயை அடைச்சுக்குது. வேர் பட்டினியில சாகுது. அந்த அடைப்பைக் கொறைக்கத்தான் வழி தேடறோம்"னுச்சு. மரத்தைச் சொல்லுச்சா என்னையச் சொல்லுச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலீங்க. பக்கத்துல நின்ன மகன் கிருபாசங்கர் திரும்பிக்கிட்டுச் சிரிச்சதை மட்டும் பாத்தேன்.

சும்மா உடுவனா? அதே வரிசை எலையை என் மச்சான் பேர்ல வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிச்சேன். அவங்களும் கிரீனிங்னே சொல்லிப்போட்டாங்க. படிச்சவங்க எல்லாம் ஒரே கட்சிங்க.

ஆகவே, தாங்கள் உடனே வந்து அம்மணியைக் கொஞ்ச நாளைக்கு அழைத்துப்போய் புத்திமதி சொல்லி அனுப்பவும். நான் உயிரோடு இருக்கும் வரை கிழக்கு வரிசையில் ஒரு கிளை கூட விழாது. கலெக்டரே வந்து நின்றாலும் இதுதான் பதில்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் குடும்பம் தழைக்கட்டும். என் மரங்களும் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
லட்சுமணசாமி

பி.கு.: கடுதாசியை ஒட்டி வெச்சவன் தபால்ல போடலீங்க, மறுபடி பிரிச்சு இதை எழுதறேன். நேத்து சங்கக் கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சு, மருமக பேச்சைக் கேட்டு நம்ம தலைவர் மரத்தை வெட்டப்போறாராமான்னு நக்கலாக் கேட்டான். எனக்கு எங்கிருந்து வந்துச்சோ, "எம்மருமகளுக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் தோட்டத்துல நோய் இருக்குது. உன் தோட்டத்தையும் போய்ப் பாரு"ன்னு மைக்குலயே சொல்லிப்போட்டேன். இன்னிக்குக் காலையில அம்மணி வேலைக்குப் போனதும், நோயைப் பரப்பற பூச்சி பக்கத்து மரத்துக்குப் பறக்காம மருந்தடிச்சுப்போட்டு, ரம்பத்துக்காரங்களை வெச்சு வரிசையவே எடுத்தாச்சு. நீங்க அழைச்சுட்டுப் போக வர வேண்டாமுங்க. சாயங்காலம் வந்து என்னாச்சுங்க மாமான்னு கேட்டுச்சு. காத்துல விழுந்துபோச்சுன்னேன். ரம்பம் அறுத்த அடிமரங்களை ஒவ்வொண்ணா நின்னு பாத்துப்போட்டு, "நல்ல காத்துதானுங்க மாமா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு.